படிக்காமலே பரவிய கடிதம்

1980 ஜனவரி 10ஆம் தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் 123ஆம் பக்கத்தில், ஆசிரியருக்கு வந்த கடிதங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கடிதம் வெளியானது. ஒரே பத்தி, ஐந்து வாக்கியங்கள். கீழே ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்று இரண்டு பெயர்கள். பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவ மையம் என்று முகவரி. ‘நார்காட்டிக் (அபினி வகை) மருந்து பெற்ற நோயாளிகள் அதற்கு அடிமையாவது அரிது’ என்பது தலைப்பின் சாரம். நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு ஆயுள் குறைவு. அதே காலத்தில் அதே இதழில் வந்த வேறு 11 தனிக் கடிதங்களைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் நடுத்தரமான ஒன்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் மொத்தமே 11தான். போர்ட்டர்–ஜிக் கடிதத்தையோ 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. மருத்துவ இதழ்களைத் தாண்டி வார இதழ்களுக்கும், மருந்து கம்பெனிப் பிரதிநிதிகளின் பயிற்சி வகுப்புக்கும் அதன் சாரம் போய்ச் சேர்ந்தது. அது போன தடத்தைப் பின்பற்றினால், ஒரு மருத்துவத் தகவல் எங்கே பதிவாகிறது, யார் அதைத் தேடி எடுக்கிறார்கள், தேடி எடுக்காதவர்கள்கூட எடுத்ததுபோல் எப்படி எழுதிவிடுகிறார்கள் என்பதெல்லாம் விளங்கும். நம் ஊரில் மருத்துவ ஆய்வேடு எழுதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை இது என்று நினைக்கிறேன்.

கடிதம் பிறந்த இடத்திலிருந்து தொடங்கலாம். 1966இல் பாஸ்டனில், லெமுவல் ஷட்டக் மருத்துவமனையில் ஹெர்ஷல் ஜிக்கும் டென்னிஸ் ஸ்லோனும் ஒரு கண்காணிப்புத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். வார்டில் சேரும் நோயாளிகளை ஒருவர் விடாமல் வரிசையாகக் கவனித்து, யாருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், அதனால் என்ன பக்கவிளைவு வந்தது என்று இதற்கென்றே அமர்த்தப்பட்ட செவிலியர்கள் பதிவு செய்தார்கள். பிறகு வேறு பல மருத்துவமனைகளும் சேர்ந்துகொண்டன. ஒரு மருந்து சந்தைக்கு வந்த பிறகு அது ஆட்களை என்ன செய்கிறது என்பதை இவ்வளவு ஒழுங்காகக் கணக்கெடுத்தவர்கள் அன்றைக்கு மிகக் குறைவு. எந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும், அந்தக் கோப்புகளைப் புரட்டி ஒரு எண்ணிக்கை சொல்ல ஜிக்கால் முடிந்தது. அப்படிச் சொன்ன எண்ணிக்கைகளில் ஒன்றுதான் இந்தக் கடிதம்.

அதில் இருப்பது இவ்வளவுதான். தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட உள்நோயாளிகள் 39,946 பேர். அவர்களில் நார்காட்டிக் மருந்து ஒரு முறையாவது பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில், ஓரளவு ஆதாரத்தோடு பதிவான அடிமைத்தனம் நான்கு பேரிடம் மட்டும். அந்த நால்வரிலும் ஒருவருக்கே அது பெரிய அளவில் இருந்தது. இரண்டு பேருக்குக் கொடுத்தது மெபெரிடின் (நம் மருத்துவமனைகளில் பெத்திடின் என்பார்கள்), ஒருவருக்குப் பெர்கோடான், இன்னொருவருக்கு ஹைட்ரோமார்ஃபோன். ஆகவே, மருத்துவமனைகளில் இந்த மருந்துகள் பரவலாகப் புழங்கினாலும், அடிமைப் பழக்கம் முன்பு இல்லாத நோயாளிகள் அடிமையாவது அரிது என்று முடிவு. அடியில் இரண்டு மேற்கோள்கள், இரண்டும் அந்தக் குழுவினரே முன்பு எழுதியவை.

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எதையும் மறைக்கவும் இல்லை. மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் என்பதை முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது. அதில் சொல்லாதவற்றைத்தான் வாசகர் தாமாகக் கவனித்திருக்க வேண்டும். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று கடிதம் சொல்லவில்லை. ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டவரும் அந்த 11,882 பேரில் அடக்கம். அடிமைத்தனத்தை எந்த அளவுகோலை வைத்துத் தீர்மானித்தார்கள் என்று இல்லை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டில் என்ன ஆனார்கள் என்று யாரும் போய்ப் பார்த்ததாகவும் இல்லை. முதுகுவலிக்கு மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்கும் ஒருவரைப் பற்றி இந்தக் கடிதம் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அச்சான இதழ் நூலகங்களுக்குப் போனது. ஒவ்வொரு தொகுதிக்கும் அட்டை கட்டி, முதுகில் எண் பொறித்து அடுக்குவது மருத்துவக் கல்லூரி நூலகங்களின் வழக்கம். இந்தக் கடிதம் 302ஆம் தொகுதியில் அடங்கியது. கூடவே அது இன்னொரு பெரிய பதிவேட்டிலும் ஏறியது. அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’தான் அந்தப் பதிவேடு. உலகின் மருத்துவ இதழ்களில் என்னென்ன வந்திருக்கின்றன என்று பொருள்வாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் மாதந்தோறும் அச்சிட்ட தடித்த புத்தகங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1964இல் அந்த வேலையைக் கணினிக்கு மாற்றியது. 1971இல் மெட்லைன் வந்து, தொலைபேசிக் கம்பி வழியாகவே தேடும் வசதியைத் தந்தது. 1997 ஜூனில் பப்மெட் என்ற பெயரில் அது எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று அதில் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. நம் கடிதத்தின் பதிவு எண் 7350425.

அந்தப் பதிவைத் திறந்து பார்த்தால் முக்கியமான ஒன்று தெரியும். அங்கே சுருக்கம் கிடையாது. கடிதங்களுக்கு யாரும் சுருக்கம் எழுதுவதில்லை. எனவே தேடுபவரின் கண்ணில் படுவது தலைப்பு, இரண்டு பெயர்கள், இதழின் பெயர், ஆண்டு, பக்கம், இவ்வளவே. தலைப்போ முடிவையே சொல்லிவிடுகிறது. ‘மருத்துவமனையில்’ என்ற சொல் தலைப்பில் இல்லை. ‘முன்பு பழக்கம் இல்லாதவர்கள்’ என்ற நிபந்தனையும் இல்லை. இதழோ உலகத்திலேயே அதிகம் மதிக்கப்படும் மருத்துவ இதழ்களில் ஒன்று. அவசரத்தில் இருக்கும் ஒருவருக்கு அது போதுமானதாகத் தோன்றிவிட்டது. நூலகம் தன் பங்கைச் சரியாகவே செய்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பப்மெட் பதிவின் அடியில் வெளியீட்டு வகை என்று ஒரு வரி உண்டு. அதில் ‘கடிதம்’ என்றே குறித்திருக்கிறார்கள். ஆய்வு என்று எங்கும் குறிக்கவில்லை. பக்க எண்ணும் 123 என்று ஒற்றையாக நிற்கிறது. நாற்பதாயிரம் நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒரு பக்கத்தில் அடங்குமா என்ற கேள்வி அந்த எண்ணைப் பார்த்தாலே எழ வேண்டும்.

எழாமல் போனதற்குக் காலச்சூழலும் ஒரு காரணம். 1980களில் வலியைப் பற்றிய மருத்துவச் சிந்தனை மாறிக்கொண்டிருந்தது. புற்றுநோய் முற்றியவர்கள்கூட, அடிமையாகிவிடுவார்களோ என்ற பயத்தால் மார்ஃபின் மறுக்கப்பட்டுத் துடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்த மருத்துவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள். அவர்களுக்கு ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. 1986இல் ரஸ்ஸல் போர்ட்டினாய், கேத்லீன் ஃபோலி இருவரும் ‘பெய்ன்’ இதழில் எழுதிய கட்டுரை, புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிக்கும் இந்த மருந்துகளை நீண்டகாலம் கொடுக்கலாம் என்றது. அதற்கு அடிப்படை 38 நோயாளிகள். பல ஆண்டுகளுக்குப் பிறகு போர்ட்டினாயே, அடிமைத்தனம் பற்றி 80களின் இறுதியிலும் 90களிலும் தாம் ஆற்றிய எண்ணற்ற உரைகளில் சொன்னவை உண்மையல்ல என்று ஒளிப்பதிவான ஓர் உரையாடலில் ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் கடிதத்துக்குப் பதவி உயர்வு கிடைத்துக்கொண்டே வந்தது. 1990இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வலி ஆராய்ச்சியாளர் ரொனால்ட் மெல்ஸாக் எழுதிய கட்டுரை, அதை விரிவான ஆய்வு என்று குறிப்பிட்டது. 2001இல் ‘டைம்’ வார இதழ் இன்னும் மேலே போய், அதை ஒரு மைல்கல் ஆய்வு என்றது. ஐந்து வாக்கியக் கடிதம் முதலில் அறிக்கை ஆயிற்று, பிறகு ஆய்வு, பிறகு விரிவான ஆய்வு, கடைசியில் மைல்கல். மூலத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. முந்தையவர் எழுதிய வர்ணனையைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர்.

302ஆம் தொகுதியை யாரும் எடுத்துப் பார்க்கவில்லையா? பத்திரிகையாளர் சாம் கினோனஸ் தம்முடைய ‘ட்ரீம்லேண்ட்’ நூலில் இதை விசாரித்திருக்கிறார். நியூ இங்கிலாந்து ஜர்னல் தன் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியது 2010இல்தான் என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். அதுவரை கடிதத்தைப் படிக்க வேண்டும் என்றால் எழுந்து நூலகத்துக்குப் போக வேண்டும், தொகுதியைத் தேடி இறக்க வேண்டும், பக்கத்தைப் புரட்ட வேண்டும், வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த விளக்கத்தைப் பாதிதான் ஏற்கிறேன். மூலைமுடுக்கில் வந்த இதழ் என்றால் சரி. இதுவோ பெரும்பாலான மருத்துவ நூலகங்களில் எளிதில் கிடைக்கக்கூடிய இதழ். மேற்கோள் காட்டியவர்களில் பலர் பல்கலைக்கழக மருத்துவர்கள். அதே கட்டடத்திலோ அடுத்த கட்டடத்திலோ அவர்களுக்கு நூலகம் இருந்திருக்கும். வழி இருந்தும் பலர் போகவில்லை. மேற்கோளின் எண் கையில் இருந்ததும், கடிதமே கையில் இருப்பதாக எண்ணிவிட்டார்கள்.

இது அமெரிக்க வலி மருத்துவர்களுக்கு மட்டும் உரிய குறை அல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த மிகைல் சிம்கின், வானி ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி செய்தார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 இடங்களை எடுத்துக்கொண்டு, தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றில் உள்ள அச்சுப்பிழைகளைத் தேடினார்கள். பிழையான மேற்கோள்கள் 196 இருந்தன. பிழைகளின் வகையோ 45தான். ஒரே பிழை 78 முறை வந்திருந்தது. ஒரே பக்க எண்ணை 78 பேர் தனித்தனியாக, ஒரே மாதிரித் தப்பாக எழுத முடியாது. ஒருவர் பட்டியலிலிருந்து மற்றவர் காப்பியடித்திருக்கிறார்கள். இதிலிருந்து கணக்கிட்டு, மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று மதிப்பிட்டார்கள்.

பாஸ்டன் கடிதத்தின் விஷயம் அச்சுப்பிழையோடு முடியவில்லை. 1995 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு பர்டியூ ஃபார்மா நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் அபாயம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லும்படி அதன் விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வர்ஜீனியா மாநிலத்து மருத்துவர் ஆர்ட் வான் ஸீ 2009இல் எழுதிய கட்டுரை இந்த விற்பனை வரலாற்றைத் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறது: 1996இல் சுமார் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை, 2000இல் ஏறத்தாழ 110 கோடி டாலர் ஆனது. புற்றுநோய் நோயாளிகளைத் தாண்டி, முதுகுவலி, மூட்டுவலி என்று வந்தவர்களுக்கும் மாதக்கணக்கில் மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டது.

ஆக்ஸிகான்டினில் உள்ள மருந்து ஆக்ஸிகோடோன். கடிதத்தில் அடிமையான நால்வரில் ஒருவர் எடுத்தது பெர்கோடான் என்று பார்த்தோம். பெர்கோடான் என்பது ஆக்ஸிகோடோனும் ஆஸ்பிரினும் சேர்ந்த மாத்திரை. அதாவது, ஆக்ஸிகோடோன் பயமில்லாத மருந்து என்பதற்குச் சாட்சியாகக் காட்டப்பட்ட கடிதமே, ஆக்ஸிகோடோனால் அடிமையான ஒருவரை மருந்தின் பெயரோடு கணக்கில் வைத்திருந்தது. நான்காவது வாக்கியம் வரை படித்திருந்தால் போதும். அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டு யோசித்த மருத்துவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

2007இல் பர்டியூவின் இணை நிறுவனமும் மூன்று மேலதிகாரிகளும், அந்த மருந்தைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 63.45 கோடி டாலர் கட்டினார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, மருந்துச்சீட்டில் வாங்கியவை, கள்ளச்சந்தையில் வந்தவை இரண்டும் சேர்த்து, அபினி வகை மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டதால் 1999 முதல் 2017 வரை ஏறத்தாழ 4 லட்சம் பேர் இறந்தார்கள். ஐந்து வாக்கியம் இதைச் செய்தது என்று சொல்ல முடியாது. பேராசை, கட்டுப்பாட்டுத் தளர்வு, வேலையிழந்த ஊர்கள், பிறகு ஹெராயின், ஃபென்டனில் என்று காரணங்கள் பல. ஆனால் மருத்துவரின் கை தயங்க வேண்டிய இடத்தில் தயங்காமல் போனதற்கு, அந்தப் பக்க எண்ணின் கீழ் ஒளிந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

கடிதத்தை மீட்டவர்கள் கனடாவின் டொரன்டோ நகரத்து ஆய்வாளர்கள். மருந்தியல் அறிஞர் டேவிட் ஜூர்லிங்கும் அவரோடு நால்வரும், அந்தக் கடிதத்தை யார் யார், எப்படி மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிவிட முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவியின் வரலாறு தனியே ஒரு நூல் எழுதத் தக்கது. இங்கே கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும்.

யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு யோசனை சொன்னார். வழக்கறிஞர்களிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை தள்ளுபடி செய்தன என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அறிவியலுக்கும் அதுபோல ஓர் அட்டவணை வேண்டும் என்றார் கார்ஃபீல்ட். சாதாரண நூலடைவு நம்மைப் பின்னோக்கி, பழைய கட்டுரைக்கு அழைத்துப் போகும். இந்த அட்டவணை ஒரு கட்டுரையிலிருந்து முன்னோக்கி, பிறகு அதைப் பேசியவர்களிடம் அழைத்துப் போகும். எதற்காக என்றும் அவரே சொல்லியிருக்கிறார்: போலியானவை, அரைகுறையானவை, காலாவதியானவை என்று எந்தத் தரவையும் யோசிக்காமல் மேற்கோள் காட்டும் பழக்கத்தை ஒழிக்க. 1960களின் நடுவில் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ அச்சாகி நூலகங்களுக்கு வந்தது. இன்று ‘வெப் ஆஃப் சயன்ஸ்’ என்ற பெயரில் இணையத்தில் இருக்கிறது. மேற்கோள்களின் எண்ணிக்கையை வைத்து ஆய்வாளர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கும் பழக்கம் பிறகு வந்து சேர்ந்தது. அதனால் அந்தக் கருவியின் முதல் நோக்கம் பலருக்கு மறந்தே போய்விட்டது.

டொரன்டோக்காரர்கள் அதை அந்த முதல் நோக்கத்துக்கே பயன்படுத்தினார்கள். கிடைத்த 608 மேற்கோள்களையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து வகைப்படுத்தினார்கள். 439 கட்டுரைகள், அதாவது 72.2 விழுக்காடு, அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தன. 491 கட்டுரைகள், அதாவது 80.8 விழுக்காடு, அதில் வந்தவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகள் என்ற செய்தியையே சொல்லவில்லை. மேற்கோள்கள் ஆண்டுவாரியாக ஏறி இறங்கியதை வரைபடமாகப் போட்டபோது, ஆக்ஸிகான்டின் வந்த பிறகு கோடு நிமிர்ந்து ஏறியது கண்கூடாகத் தெரிந்தது. 2017 ஜூன் 1 அன்று இந்தக் கணக்கு வெளியானது. வெளியிட்டது நியூ இங்கிலாந்து ஜர்னல். அதிலும் ஆசிரியருக்குக் கடிதம் என்ற பகுதியில். ஒரு கடிதம் செய்ததை இன்னொரு கடிதம்தான் எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. அதே சமயம் இதழின் ஆசிரியர்கள், பழைய கடிதத்தின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள்: அடிமைத்தனம் அரிது என்பதற்கு ஆதாரமாக இது மிகுதியாகவும் ஆராயாமலும் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது, பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஜிக் அப்போது உயிரோடு இருந்தார். தம் கடிதத்தை மருந்து நிறுவனங்கள் இப்படிப் பயன்படுத்தியதைக் கண்டு கூசிப்போனதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். வாழ்நாளில் எத்தனையோ பெரிய ஆய்வுகளைச் செய்தவர். தம் பட்டியலில் இந்தக் கடிதத்துக்கு ஏறக்குறையக் கடைசி இடம்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்.

நூலக வேலை தெரிந்தவர்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. நம்பகமான மருத்துவ நூல்களைத் தேடுவது எப்படி என்று கற்றுத் தரும்போது, சந்தேகத்துக்குரிய இதழ்களைத் தவிர்க்கச் சொல்கிறோம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைச் சரிபார்க்கச் சொல்கிறோம். இரண்டும் அவசியம். ஸோட்டெரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஒன்று நம் சேமிப்பில் இருந்தால் தானாகவே எச்சரிக்கிறது. பப்மெட்டும் அப்படிப்பட்ட பதிவின் மேல் அறிவிப்பு போடுகிறது. ஆனால் போர்ட்டர்–ஜிக் கடிதம் இந்த வடிகட்டிகள் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிடும். இதழ் முதல்தரமானது. ஆசிரியர்கள் நேர்மையானவர்கள். எண்கள் சரி. திரும்பப் பெறுவதற்கு அதில் தவறு ஒன்றும் இல்லை. அதன் தகுதிக்கு மீறிய வேலையை அதன் தலையில் ஏற்றியதுதான் தவறு. அந்தத் தவறு நடந்தது அந்தக் கடிதத்தில் அல்ல, அதைச் சுட்டிய கட்டுரைகளில். அதை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துச் சொல்லாது. படித்தவர்தான் சொல்ல முடியும்.

மேற்கோள் மென்பொருள் இந்த ஆபத்தைக் கூட்டவும் செய்யும். முன்பு ஒரு மேற்கோளைத் திருடவும் கையால் எழுத வேண்டியிருந்தது. அதில்தான் அச்சுப்பிழை வந்து காட்டிக்கொடுத்தது. இப்போது பப்மெட் எண்ணைத் தட்டினால் விவரங்கள் எல்லாம் பிழையின்றி வந்து உட்கார்ந்துவிடுகின்றன. தொகுதி எண் சரி, பக்கம் சரி, அடைப்புக்குறி சரி. படிக்காத கட்டுரையும் படித்த கட்டுரையும் பட்டியலில் ஒரே அழகோடு நிற்கின்றன. இதற்கு மாற்று எளிது. அதே மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு எழுத இடம் உண்டு, குறிச்சொல் போட வசதி உண்டு. முழுக் கட்டுரையைப் படித்தேனா, சுருக்கத்தை மட்டுமா. யாரை ஆராய்ந்தார்கள், எங்கே, எத்தனை நாள். எந்த வாக்கியத்துக்காக இதை மேற்கோள் காட்டப்போகிறேன் — இந்த மூன்றையும் எழுதாமல் ஒரு பதிவைப் பட்டியலுக்கு அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டால், பாஸ்டன் கடிதம் ‘உள்நோயாளிகள், நாள் கணக்கு இல்லை’ என்ற குறிப்போடு அல்லவா நம்மிடம் இருக்கும்?

நம் மருத்துவக் கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் தீசிஸ் எழுதும் முறையை அறிந்தவர்களுக்கு இது புரியும். ‘ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர்’ என்ற அத்தியாயத்தை முந்தைய பேட்ச் சீனியரின் தீசிஸிலிருந்து தொடங்குவது பல இடங்களில் பழக்கம். அந்தச் சீனியர் அவருக்கு முந்தையவரிடமிருந்து எடுத்திருப்பார். டியூட்டி நேரமும் தூக்கமின்மையும் அவர்களை அங்கே கொண்டு நிறுத்துகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ‘கட்டுரை கிடைக்கவில்லை’ என்ற சாக்கு இப்போது பெருமளவு தேய்ந்துவிட்டது. மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் இதன் வழியே படிக்கலாம். அதிலும் இல்லாத பழைய பக்கம் ஒன்று வேண்டும் என்றால் நூலகரிடம் சொல்லலாம். வேறொரு நூலகத்திலிருந்து நகல் வரவழைத்துத் தருவது அவர்கள் தொழிலின் பகுதி.

இந்தியாவில் இந்தக் கடிதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்த கெடுபிடியால் இங்கே மார்ஃபின் கிடைப்பதே அரிதாகி, புற்றுநோயாளிகள் வலியோடு இறப்பது வழக்கமாகிவிட்டது. கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல்லாண்டு போராடிய பிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்கக் கதையைத் தலைப்பாக மட்டும் தெரிந்துகொண்ட ஒருவர், ‘அபினி மருந்து என்றாலே ஆபத்து’ என்று இங்கே கடைசிக் கட்ட நோயாளிக்கு மார்ஃபினை மறுத்தால், அதுவும் படிக்காமல் மேற்கோள் காட்டுவதுதான். கடிதத்தைப் படித்தவருக்கு இரண்டும் தெரிந்திருக்கும்: மருத்துவர் கண்காணிப்பில் வார்டில் கொடுக்கும்போது அது சொல்வது ஓரளவு ஆறுதலானது, வீட்டில் மாதக்கணக்கில் என்றால் அது எதுவுமே சொல்லவில்லை.

இணையத்தில் கடிதத்தைத் திறப்பவருக்கு இன்று ஆசிரியர் குறிப்பு கண்ணில் படும். கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளின் மேல் அப்படிக் குறிப்பு எதுவும் ஒட்டப்படவில்லை. அவற்றில் பலவும் பப்மெட்டில் இருக்கின்றன. அவற்றையும் மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டாம் தலைமுறைக் கட்டுரைகளில் போர்ட்டர், ஜிக் என்ற பெயர்களே இருக்க வேண்டியதில்லை. ‘ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு’ என்ற எண் மட்டும், வேறு யாருடைய பெயரையோ தாங்கி நிற்கலாம். வலி மருந்து பற்றிய ஆய்வேடு எழுதும்போது அப்படி ஓர் எண் எதிர்ப்பட்டால், அது சுட்டும் கட்டுரையைத் திறந்து, அங்கே அது சுட்டும் கட்டுரையையும் திறந்து, நோயாளிகளை எண்ணிய முதல் பக்கம் வரும்வரை பின்னோக்கிப் போக வேண்டும். பெரும்பாலும் மூன்று நான்கு படிகளில் வந்துவிடும்.